நானூற்றுத் தொண்ணூறு கிராம்

1

கனடாவின் வினிபெக் நகரத்துக்கு நான் வந்து நான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது. நிரந்தரக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தை அச்சடித்தால் ஒன்பது தாள். அதில் ஒரு பட்டியல் உண்டு. நாட்டை விட்டு வெளியே இருந்த நாட்கள் எத்தனை, எங்கே, ஏன்? எண்ணிக் கொடு என்று கேட்கிற அரசாங்கம் எனக்குப் பிடிக்கும். பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று பயணங்கள். முதல் இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தன. மூன்றாவது, போன டிசம்பரில் தொடங்கிய முப்பத்தேழு நாள். எங்கே என்ற இடத்தில் செங்கல்பட்டு மாவட்டம், படூர் என்று எழுதினேன். ஏன் என்பதற்கு அரை அங்குலக் கட்டம். 'உறவினரைப் பார்க்க' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் திறந்தேன். அந்தக் கட்டத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அந்த முப்பத்தேழு நாளின் பலன் என்று நான் உங்களில் பதினாறு பேருக்குத் தொலைபேசியில் ஓர் எண்ணைச் சொன்னேன். என் பேத்தியின் எடை. அந்த எண் சரியானதல்ல.

2

இந்த வீட்டில் நான்கு பேர். மகள் எழிலரசி, மருமகன் பிரபு, பேத்தி கயல், நான். என் மனைவி காலமான மறு வருடம் எழில் என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். கயலுக்கு இந்த மாதம் இரண்டு வயது நிறைந்தது. எழிலும் பிரபுவும் வேலைக்குப் போகிறார்கள். கயல் வாரத்தில் மூன்று நாள் டே-கேர் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள். இரண்டு நாள் என்னோடு.

பிறந்தபோது அவள் எடை சரியாகத்தான் இருந்தது. ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு ஏற்றம் மெதுவானது. இங்கே கிளினிக்கில் ஒரு வளர்ச்சி வரைபடம் வைத்திருக்கிறார்கள். அடுக்கடுக்காக வளைந்த கோடுகள். ஒவ்வொரு குழந்தையும் அதில் ஒரு புள்ளி. எங்கள் புள்ளி மிகக் கீழே உள்ள கோட்டுக்கும் கீழே விழுந்தது. போன அக்டோபரில், பதினேழு மாதத்தில், ஏழு கிலோ தொள்ளாயிரம். ஜனவரியில் மறுபடி நிறுத்துப் பார்ப்போம், சரியாக ஏறவில்லை என்றால் குழந்தை நிபுணரிடம் அனுப்புவோம் என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டு நேரம் என் பொறுப்பானது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, தேதி, மணி, உணவு, எத்தனை வாய் என்று கட்டம் போட்டேன். 'தயிர்ச் சோறு: பதினொரு வாய். துப்பியது நான்கு. நிகரம் ஏழு.' சமையலறைத் தராசு ஒன்றும் வாங்கினேன், ஒரு கிராம் வரை காட்டுவது. கிண்ணத்தை ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால், தரையில் சிந்தியதைத் தவிர மற்றது தெரிந்துவிடும். தரையில் சிந்தியதையும் சில நாள் கூட்டி எடுத்து நிறுத்திருக்கிறேன்.

காப்பகத்திலிருந்து தினமும் ஒரு சீட்டு வரும். 'இன்று கயல் நன்றாகச் சாப்பிட்டாள், இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.' நான் நம்பவில்லை. வீட்டில் மூன்றாம் வாயிலேயே முகத்தைத் திருப்பும் குழந்தை, அங்கே ஆறிப்போன மக்ரோனியைக் கேட்டு வாங்கியதாம். அளவு எழுதாத சீட்டு என்ன சீட்டு? ஒரு நாள் போன் செய்து எத்தனை கிராம் என்று கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சிரித்தாள். எழிலுக்கு அது தெரிந்து அவமானமாகிவிட்டது.

"அப்பா, நீ அவ வாயவே எண்ணிக்கினு இருக்க. அதான் அவ வாயவே தொறக்க மாட்றா" என்றாள்.

எண்ணாமல் விட்டால் மட்டும் திறந்துவிடுவாளா என்று மனதில் நினைத்தேன்.

கயல் பேசிய முதல் வாக்கியம் ஆங்கிலம். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து 'ஆல் டன்' என்பாள். முடிந்தது, எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். காப்பகத்தில் கற்றது. என் கரண்டி கண்ணில் பட்டாலே கைகள் விரிந்துவிடும். தமிழில் 'போதும்' என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அம்மா, தாத்தா, நாய், பூ, நிலா எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

3

இது ஏன் இவ்வளவு தூரம் என்னைப் பிடித்துக்கொண்டது என்று கேட்பீர்கள். பிரபு கேட்டான். அவன் மெலிந்த உடம்புக்காரன், அவன் அப்பாவும் அப்படியே. "எங்க வீட்டுல எல்லாரும் இந்த வாகுதான் மாமா" என்றான்.

வாகு என்ற சொல் எங்கள் தெருவில் கிடையாது. வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தார்கள். நடவு, அறுப்பு நாட்களில் சோறு. நடுவில் உள்ள மாதங்களில் கூழ், அதுவும் ஒரு வேளை. எங்கள் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் வழியில் எங்களையும் பார்ப்பார்கள். பள்ளியில் ஒரு முறை டாக்டர் வந்து வரிசையில் நிறுத்தி எடை எடுத்தார். என் முறை வந்ததும் என் எண்ணைச் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்றவன் சிரித்தான். அவனும் என்னைவிட ஒரு கிலோதான் கூட. எங்கள் தெருவில் ஒரு குழந்தை ஒல்லியாக இருந்தால் அந்த வீட்டுப் பானையைப் பற்றி ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

விடுதியில் தங்கிப் படித்தேன். அரசு வேலை கிடைத்தது. முத்திரை ஆய்வாளர். கடைகளில் உள்ள தராசும் படிக்கல்லும் சரிதானா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலை. செங்கல்பட்டிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரை முப்பத்திரண்டு வருடம் சுற்றினேன். ரேஷன் கடை, உரக்கடை, மீன் சந்தை. ஜனங்கள் 'தராசு ஆபீசர்' என்பார்கள். என் மகள் வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்தாள். அவள் மகள், ஒரு கடையில் அறுபத்திரண்டு வகைத் தயிர் அடுக்கியிருக்கிற நாட்டில், கோட்டுக்குக் கீழே நிற்கிறாள். பிரபு அதைப் பரம்பரை என்கிறான். எனக்கும் அது பரம்பரையாகத்தான் தெரிந்தது, வேறு விதமாக.

4

டிசம்பரில் ஊருக்கு வந்தோம். ஓய்வு பெற்றதும் படூரில் வாங்கிய ஃபிளாட்டில் தங்கினோம். பிரபு இரண்டு வாரத்தில் திரும்பினான். எழில் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள்.

முதல் வாரத்தில் வந்து போனவர்கள் இருபத்து மூன்று பேர். குழந்தை ஒல்லி என்று சொன்னவர்கள் இருபத்திரண்டு. சொல்லாத ஒருவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கேழ்வரகுக் கூழ், நேந்திரங்காய்க் கஞ்சி, சத்துமாவு, ஆட்டு எலும்பு சூப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினேன். ஒவ்வொருவர் போன பிறகும் எழில் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் கதவிலேயே சாய்ந்து நிற்பாள்.

என் தங்கை சரோஜா கோவளம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறாள். குழந்தையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணா இது, கொயந்த ஈர்க்குச்சி மாரி கீது? அந்த ஊர்ல சோறு துன்ன வுட மாட்டானுங்களா?"

எழிலின் முகத்தைப் பார்த்து, அத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் நான் தினமும் எடை பார்க்கிறேன் என்று கேள்விப்பட்டபோது நிறுத்தவில்லை. ஃபிளாட்டில் ஒரு தரைத் தராசு வைத்திருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன், பிறகு நான் மட்டும் ஏறுவேன், கழித்தால் அவள்.

"அது இன்னா மீனா, தெனோம் தராசுல போட்டுக்கினு கீற? கண்ணு பட்டுடும்ணா. எட்த்து வை அத்த."

மறுநாள் மாமல்லபுரம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தாள். கூடவே, தன் பெட்டியிலிருந்து தடித்த வெள்ளி அரைஞாண் ஒன்று. பேத்தி முதல் முறை வீட்டுக்கு வந்தால் அத்தை வீட்டுச் சீராக இடுப்புக்கும் காலுக்கும் வெள்ளி போட வேண்டும். "வெறும் இடுப்போட வுட்டுட்டு எடை ஏறல எடை ஏறலன்னா எப்டி ஏறும்?" என்றாள். எழில் மறுக்கவில்லை. அத்தையிடம் மறுத்துப் பழக்கமில்லை.

வாரத்தில் மூன்று நாள் கேளம்பாக்கம் போய் பஸ் மாறிக் கோவளம் போவோம். சரோஜாவுக்குக் குழந்தைக்கு ஊட்ட நேரமில்லை. மேசைக்குக் கீழே ஒரு கோணியை விரித்து, தட்டில் இட்லியும் முந்தின நாள் சங்கரா மீன் குழம்பும் வைத்துவிட்டு இலை போடப் போய்விடுவாள். கயல் இட்லியைப் பிசைந்தாள், தலையில் தேய்த்துக்கொண்டாள், நாய்க்கு ஒரு பங்கு போட்டாள், தானும் தின்றாள். எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் குனிந்து குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, பாப்பா துன்றதுக்கு ரசீது போடறியா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பேனாவை மூடவில்லை.

கிளம்பும் நாள் தராசு இருநூறு கிராம் ஏற்றம் காட்டியது. நூறு கிராமுக்குக் குறைந்து காட்டத் தெரியாத தராசு அது. அதில் இருநூறு என்றால் நூறும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் விமானத்தில் ஏறும்போது நான் ஐந்நூறு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

5

திரும்பி வந்த மூன்றாம் நாள் கிளினிக். வெளியே மைனஸ் இருபத்தேழு. எழிலுக்கு அலுவலகத்தில் தவிர்க்க முடியாத கூட்டம். பிரபு வேறு ஊரில். நான் அழைத்துப் போகிறேன் என்றேன்.

எழில் கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னாள். போவதற்கு முன் டயப்பரை மாற்று. வெள்ளியையெல்லாம் கழற்று. பாலைத் திரும்பி வந்து கொடு.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதி. நான் எதையும் மறப்பவன் இல்லை. கொலுசின் திருகாணியை ஒரு முறை திருகிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. இரண்டாம் முறை முயலவில்லை. அதன் மேல் முழங்கால் வரை கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டேன். அரைஞாணை டயப்பருக்குள் செருகினேன். டயப்பர் கனமாக இருந்தது, மாற்றவில்லை. கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்திப் பால் புட்டியைக் கொடுத்தேன். அன்று பார்த்து முழுவதும் குடித்தாள்.

வேலையில் இருந்த நாட்களில் எத்தனையோ தராசுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு அடியில் புளி, காந்தம், ஈயத்துண்டு. பிடிபட்டவர்களில் ஒருவர்கூடத் தன்னை ஏமாற்றுகிறவராக நினைத்ததில்லை. கோவளத்தில் மீன் விற்ற ஓர் அம்மாவின் தட்டுக்கடியில் ஈயம் எடுத்தேன். "கடல்லேர்ந்து வரச்சொல்ல கனமாதான் சார் இருந்திச்சு. வெயில்ல வத்திப்பூட்ச்சு. வத்துனத தான் நான் போட்டுக்கினேன்" என்றார். ஆபீசில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று வினிபெக்கில் என் மனதில் ஓடியதும் இதேதான். குழந்தை ஊரில் ஏறியிருந்தாள், விமானத்திலும் குளிரிலும் கொஞ்சம் வற்றியிருப்பாள், வற்றியதைத்தான் நான் போடுகிறேன்.

நர்ஸ் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். அவரும் என்னைப் போல வெயில் ஊர்க்காரர். காலுறை இருக்கட்டும், குளிர் என்று நான் சொன்னபோது ஒத்துக்கொண்டார். டயப்பரோடு தராசில் வைத்தார். எட்டு கிலோ எழுநூற்று நாற்பது. அக்டோபரிலிருந்து எண்ணூற்று நாற்பது ஏற்றம். அவர் முகம் மலர்ந்தது. இந்தியாவில் என்ன கொடுத்தீர்களோ அதையே தொடர்ந்து கொடுங்கள் என்றார். வரைபடத்தில் புள்ளி கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. நிபுணரிடம் அனுப்பத் தேவையில்லை, மார்ச்சில் வாருங்கள் என்றார்கள்.

எழிலுக்குப் போனில் சொன்னேன். அவள் கூட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்து அழுதாளாம். பிறகு சரோஜாவுக்குச் சொன்னேன். "பாத்தியா, எங்க கடை இட்லி" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு பேருக்குச் சொல்லி முடித்தேன். செங்கல்பட்டுச் சோறு ஜெயித்தது என்று சொன்னேன். அந்த வார்த்தையையே சொன்னேன்.

6

மார்ச்சில் எழிலே அழைத்துப் போனாள். அவள் சொன்ன மூன்றையும் அவளே ஒழுங்காகச் செய்தாள். எட்டு கிலோ நானூற்று அறுபது.

இரண்டு மாதத்தில் இருநூற்று எண்பது கிராம் இறக்கம். இந்த வயதில் எடை ஏறாமல் நிற்பது ஒரு கவலை, இறங்குவது வேறு கவலை என்றார் டாக்டர். இந்த முறை நிபுணருக்கு எழுதியதோடு நிற்கவில்லை. ஏப்ரல் நடுவில் மருத்துவமனையில் மூன்று நாள் சேர்த்து, ரத்தம் மலம் எல்லாம் சோதித்து, எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று பார்த்து, தேவையானால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். கடிதம் வந்தது. கூடவே நான்கு தாள் கேள்விகள். தாய் எப்போது வேலைக்குத் திரும்பினார்? தாய்ப்பால் எப்போது நின்றது? வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறியதா?

எழில் அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்புவாள், அடிப்பாள், திரும்ப எழுதுவாள். வேலையில் விடுப்பு கேட்டாள். காப்பகத்தை நிறுத்திவிடலாமா என்று பிரபுவோடு பேசினாள். ஒரு நாள் குழந்தையின் கன்னத்தை அழுத்திப் பிடித்து வாய்க்குள் முட்டையைத் திணித்தாள். என் மகள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கயல் வாந்தி எடுத்தாள். எழில் தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைக்க ஒன்றும் மிஞ்சாத பிறகும்.

கடிதம் வந்ததிலிருந்து நான் வாய் திறக்கும் வரை பதினொரு நாள். முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டேன். அரைஞாண் தொண்ணூற்றிரண்டு. கொலுசு ஜோடி எழுபத்தெட்டு. பால் நூற்றெண்பத்தைந்து. டயப்பருக்காக ஒரு வாரம் ஈர டயப்பர்களை நிறுத்து, சராசரியில் காய்ந்ததைக் கழித்தேன், நூற்று முப்பத்தைந்து. மொத்தம் நானூற்றுத் தொண்ணூறு. ஜனவரியின் உண்மையான எடை எட்டு கிலோ இருநூற்று ஐம்பது. அப்படியானால் குழந்தை இறங்கவே இல்லை. மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியிருக்கிறாள். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் எழிலின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோதனைகள் நல்லதுதானே, எதற்கும் பார்த்துவிடட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பிரபு கயலைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தான். எழில் அதே தாள்களோடு இருந்தாள். நான் சமையலறைத் தராசை மேசையில் வைத்து, அரைஞாணையும் கொலுசையும் அதில் போட்டேன். நூற்று எழுபது.

எழில் தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஜனவரியில இது அவ மேல இருந்திச்சா?"

"இருந்தது."

"கழட்டச் சொன்னேனேப்பா. மறந்துட்டியா?"

அந்தக் கேள்வியில் அவள் எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தாள். தலையாட்டியிருந்தால் போதும்.

"இல்ல" என்றேன். பாலையும் டயப்பரையும் சொன்னேன். மொத்தத்தையும் சொன்னேன்.

அவள் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். "ரெண்டு வாரமா நான் இன்னா தப்பு பண்ணேன்னு தேடிக்கினு இருந்தேன்பா. வேலைக்குப் போனதாலயா, பால நிறுத்தினதாலயா, காப்பகத்துல வுட்டதாலயான்னு. நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கினே இருந்த."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "இத டாக்டர்கிட்ட நீயே வந்து சொல்லு" என்றாள்.

7

சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியவன்தான். அன்று வாய்ப்பேச்சில் காலங்கள் குழம்பின, செய்தேன் என்பதைச் செய்கிறேன் என்றேன். டாக்டர் இளம்பெண், எழிலைவிடச் சின்னவர். குறுக்கிடாமல் கேட்டார். நான் என் கணக்குத் தாளை நீட்டி, ஜனவரிப் புள்ளியை எட்டு இருநூற்று ஐம்பதில் வைக்கலாம் என்றேன்.

அவர் அந்தத் தாளைப் படித்தார், முழுவதும் படித்தார். பிறகு, நிறுத்த எடையை மட்டும்தான் வரைபடத்தில் வைக்க முடியும், கழித்துக் கண்டுபிடித்ததை வைக்க முடியாது என்றார். கம்ப்யூட்டரில் ஜனவரிப் புள்ளியை நீக்கினார். அந்த இடம் வெறுமையானது. அது சரி. நானும் என் பதவியில் அதைத்தான் செய்திருப்பேன்.

மிஞ்சியது இரண்டு புள்ளி, அக்டோபரும் மார்ச்சும். இரண்டையும் சேர்த்தால் ஒரு கோடு, கீழ்க் கோட்டுக்கு அடியில், ஆனால் மேல் நோக்கி. மூன்று நாள் சேர்ப்பை ரத்து செய்தார். குழாய்ப் பேச்சு நின்றது. ரத்தப் பரிசோதனை மட்டும் இருந்தது, அதில் இரும்புச்சத்து குறைவு என்று வந்து, ஒரு மருந்து தருகிறார்கள். பற்கள் கறுக்கும் என்பதால் நாக்கின் பின்பக்கமாக ஊற்ற வேண்டும். எழில் ஊற்றுகிறாள்.

அந்த ரத்த முடிவைக் கேட்டுவிட்டு எழுந்து வரும்போது டாக்டர் ஒன்று சொன்னார். ஜனவரியில் உண்மையான எடை தெரிந்திருந்தால் இந்த இரும்புச்சத்துக் குறைவை அப்போதே கண்டுபிடித்திருப்போம். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் இறக்கத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் இதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. குழந்தை இரண்டு மாதத்துக்கு மேல் மருந்தில்லாமல் இருந்திருக்கிறாள்.

வீட்டில் எழில் சில ஏற்பாடுகள் செய்தாள். சண்டை போட்டுச் செய்யவில்லை. சமையலறைத் தராசைப் பிரபு அலுவலகத் தோழர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். நோட்டை நானே கிழித்துப் போட்டேன். எல்லோரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். கயலின் தட்டில் மூன்று விதம் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார்கள். அவள் கை விரித்தால் தட்டை எடுத்துவிடுகிறார்கள். என் இடம் அவளுக்கு எதிர்ப்பக்கம் இல்லை, அதே வரிசையில், நடுவில் பிரபு. அவள் வாயைப் பார்க்க வேண்டுமானால் நான் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் எட்டிப் பார்த்தேன். எழில் என்னைப் பார்த்தாள். இப்போது என் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். கயல் மெல்லும் சத்தம் கேட்கிறது. அதை எண்ணாமல் இருப்பது, உள்ளபடி சொல்கிறேன், எனக்கு இன்னும் வரவில்லை.

சரோஜாவுக்குப் போன் செய்தேன். அவள் கடையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்ததும் அந்தச் சத்தம் நின்றது.

"பொய் எடை போட்டியா? நீயா?"

"நான்தான்."

"ஊர்ல இத்தினி பேரு தராச தூக்கினு போனியே அண்ணா."

பிறகு குழந்தைக்கு முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னாள். கீரை இங்கே உறையவைத்துத்தான் கிடைக்கும் என்றேன். அதையாவது கொடு என்று வைத்துவிட்டாள்.

மற்றப் பதினைந்து பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. ஜனவரியில் நான் சொன்ன எட்டு கிலோ எழுநூற்று நாற்பதைத் தள்ளிவிடுங்கள். செங்கல்பட்டுச் சோறு ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அதை யாரும் சரியாக நிறுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு வயது முடிந்ததற்கான எடை. எழிலும் பிரபுவும் கயலை அழைத்துக்கொண்டு போனார்கள். வருகிறாயா என்று என்னைக் கேட்கவில்லை, நானும் சட்டை மாற்றவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினார்கள். கயல் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் ஓடி வந்து ஒரு ஸ்டிக்கரைக் காட்டினாள், தைரியமாக இருந்ததற்குக் கொடுத்ததாம். எழில் குளிர்க்கோட்டைக் கழற்றி மாட்டினாள், பையைக் கீழே வைத்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீ போடட்டுமாப்பா?"

"போடு" என்றேன்.

டீ வந்தது. குடித்தோம். அவள் வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றோடு ஆறு நாள். இனி போன் செய்கிறவர்கள் குழந்தை எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எழிலுக்குத் தெரியும். எனக்குச் சொல்லலாம் என்று அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது நானும் தெரிந்துகொள்வேன்.